அரிசிக்கு இருந்த உத்தரவு

வெண்மதிக்கு நன்றி என்கிற சொல் வாயில் அவ்வளவு சுலபமாக வராது. யாருக்காவது கடமைப்பட்டுவிட்டோம் என்று தோன்றினால் எதையாவது செய்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கடலூரில் அவள் கணவன் ராஜவேலுக்கு டயாலிசிஸ் நடக்கிற ஆஸ்பத்திரியில், அவள் கொண்டுபோகிற சென்னாக்குன்னி என்கிற பொடி இறால் வறுவலும் முருங்கைக்கீரை அடையும் நர்சுகளுக்குப் பழகிப்போயிருந்தன. கட்டைப்பையோடு வார்டு வாசலில் அவள் தலை தெரிந்தாலே, "இன்னைக்கு என்னாக்கா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

கம்மாபுரம் பக்கத்தில் பிறந்தவள். பத்தாவது முடித்ததும் கல்யாணம். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே, பு.முட்லூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. ராஜவேல் கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு பண்ருட்டி, விழுப்புரம் என்று லோடு வண்டி ஓட்டினான். சத்தமாகச் சிரிக்கிற, யாரையும் கிண்டல் பண்ணாமல் விடாத ஆள். தலைவலி என்று அடிக்கடி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வானே தவிர, ரத்த அழுத்தம் பார்த்தது கிடையாது. ஒருநாள் கால் இரண்டும் வீங்கி வண்டியில் ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டான். ஆம்புலன்சில் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று அங்கேதான் சொன்னார்கள்.

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், கடலூர்தான். சிதம்பரம் கிட்டத்தில் இருந்தாலும் அங்கே மிஷினுக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். கையில் நரம்பை இணைத்து ஆபரேஷன் செய்ததும் காப்பீட்டில் பெயர் பதிந்ததும் கடலூரில்தான் என்பதால் அங்கேயே இருந்துவிட்டார்கள். காலையில் பு.முட்லூர் நிறுத்தத்தில் வந்து நிற்பார்கள். பஸ்ஸில் முன் சீட்டில் யாராவது உட்கார்ந்திருந்தால் கண்டக்டரே, "ரத்தம் மாத்திக்கப் போறவருங்க, கொஞ்சம் எடம் குடுங்க" என்று எழுப்பிவிடுவார். அந்த இரண்டு நாளும் சத்துணவுக் கூடத்தில் வெண்மதியின் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவள் சமையலர் தங்கம்மாள். மிஷினும் மருந்தும் இலவசம். இதையெல்லாம் நினைத்தால் வெண்மதிக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஊரில் யாராவது அரசாங்க ஆஸ்பத்திரியைக் குறை சொன்னால் சண்டைக்கே போய்விடுவாள்.

ராஜவேலுக்குப் பக்கத்துப் படுக்கை சுப்பராயலுவுடையது. தென்பெண்ணை ஆற்றுக்குக் கிட்டே, கடலூர் ஓரத்தில் வீடு. சைக்கிள் கடை வைத்திருந்தவர். இரண்டு ஆண்களும் கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு அரசியல் பேசிச் சத்தம் போடுவார்கள். வெளியே பெஞ்சில் வெண்மதியும் சுப்பராயலுவின் மனைவி புஷ்பவள்ளியும் கொண்டுவந்ததைப் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். புஷ்பவள்ளி வயதில் மூத்தவள், அதிகம் பேசாதவள். அந்தப் பெஞ்சிலேயே இரண்டு பேருக்கும் ஒரு சொந்தம் வளர்ந்துவிட்டது.

அந்தக் கார்த்திகையில் மழை புதன்கிழமை பிடித்தது. விடவேயில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ராஜவேலும் வெண்மதியும் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஆலப்பாக்கம் தாண்ட முடியவில்லை. பரவனாறு ரோட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் மழைக்கோட்டோடு நின்று வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். "எங்க கையில ஒண்ணும் இல்லம்மா" என்று கண்டக்டர் தன் தப்பு போல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். வந்த வழியே திரும்பினார்கள்.

சனிக்கிழமை காலையில் ராஜவேலால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் உப்பியிருந்தது. கிண்டல் நின்றுபோயிருந்தது, அதுதான் வெண்மதியை அதிகம் பயமுறுத்தியது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள். அந்தப் பக்கத்து வண்டி தண்ணீருக்கு அப்பால் மாட்டியிருக்கிறது, வேறு வண்டி வரத் தாமதமாகும், கடலூருக்கு வழியும் கிடையாது என்றாள்.

ராஜவேல்தான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "கடலூரு இல்லன்னா சிதம்பரம் போவோம், மதி. மிஷினு எங்க இருந்தாலும் மிஷினுதான?"

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். செந்தமிழ்செல்வன் என்கிற உறவுக்காரன் டிராக்டரை எடுத்துவந்தான். டிரைலரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் கட்டினான். "ஏறு மச்சான். இன்னைக்கு நான் டிரைவரு, நீ ஓனரு" என்றான். ராஜவேல் சிரிக்க முயன்றான். மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு வெண்மதி நின்றே வந்தாள். பெரிய ரோட்டில் சிதம்பரம் போகிற பஸ் ஒன்றிரண்டு ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றில் ஏறிக்கொண்டார்கள். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு ஓடுவதை எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். வெண்மதி பார்க்கவில்லை. அவள் கண் ராஜவேலின் நெஞ்சு ஏறி இறங்குவதிலேயே இருந்தது.

சிதம்பரத்தில் அரசுக் காப்பீட்டில் டயாலிசிஸ் செய்கிற சிறிய மையம் ஒன்று இருப்பதைப் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். ஆட்டோ பிடித்துப் போனார்கள். முன்மேசையில் இருந்தவர் அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இவருக்குக் கடலூர்ல ஓப்பன் ஆயிருக்கும்மா. இங்க விரல் வெச்சா எடுக்காது. எங்க டாக்டரும் வெள்ளத்துல மாட்டிக்கிட்டாரு, போனு போவல. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்களேன்."

"பாண்டிச்சேரி கடலூரத் தாண்டிதான சார் போவணும்?"

அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எழுந்துபோய் ராஜவேலுக்கு மின்விசிறியைத் திருப்பிவைத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அப்போது உள்ளேயிருந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே ஒரு பெண் வந்தாள். டயாலிசிஸ் டெக்னீஷியன் சத்யப்பிரியா. ராஜவேலின் உதட்டைப் பார்த்தாள், குனிந்து காலை அழுத்திப் பார்த்தாள்.

"கடைசியா எப்பக்கா போட்டது?"

"செவ்வாக்கெழம."

"ரத்த ரிப்போர்ட்டு கையில இருக்கா?"

"எல்லாம் கடலூர்ல இருக்கும்மா."

சத்யப்பிரியா நிமிர்ந்தாள். "ரிப்போர்ட்டு தெரியாம போட முடியாதுக்கா. மஞ்சக்காமாலக் கிருமி ஏதாவது இருந்துச்சுன்னா, அதே மிஷின்ல அடுத்துப் படுக்கறவங்களுக்கும் வந்துடும். அவுங்களும் நம்மள நம்பித்தான வர்றாங்க. கடலூர்ல யாராவது நம்பர் இருக்கா உங்ககிட்ட?"

இருந்தது. சிஸ்டர் லோகநாயகியின் நம்பர். மீன் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்பதற்காக அவளே வெண்மதியின் போனில் பதிந்துகொடுத்தது. மூன்றாவது முயற்சியில் மணி அடித்தது. சத்யப்பிரியா போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். ராஜவேலின் ரிப்போர்ட்டை அங்கே லோகநாயகி எடுத்து வாசித்தாள். இவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். கிருமி எதுவும் இல்லை. எடை எவ்வளவு இருக்க வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் வந்தது. லோகநாயகி அங்கிருந்த டாக்டரையே பேசவைத்தாள். "போடும்மா, நான் சொல்றேன்" என்று அவர் சொன்னது போனுக்கு வெளியேயும் கேட்டது.

"நம்ம எடத்துல பேர் இல்லாதவருக்குப் போடறியேம்மா, நாளைக்குக் கேள்வி வரும்" என்றார் முன்மேசைக்காரர்.

"வரட்டும் சார். பதில் சொல்லிக்கலாம்."

சிவப்புக் குழாயில் ராஜவேலின் ரத்தம் மிஷினுக்குள் போய்த் திரும்புவதை வெண்மதி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்குப் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் காலை நீட்டி மல்லாந்து படுத்துத் தூங்கிப்போனான். அவனால் படுக்க முடிகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்யப்பிரியா ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ரோடு திறந்ததும் கடலூர் போனார்கள். பக்கத்துப் படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். பெஞ்சில் புஷ்பவள்ளி இல்லை. லோகநாயகி தனியாக அழைத்துப்போய்ச் சொன்னாள்.

அன்று மதியமே வெண்மதி புஷ்பவள்ளியின் வீட்டுக்குப் போனாள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு அவள் தோளுக்கு மேலே இருந்தது. புஷ்பவள்ளி மெதுவாக, அழாமல் சொன்னாள்.

"மொட்ட மாடியில இருந்தோம். போட்டுல வந்தாங்க. ரொட்டியும் தண்ணியும் குடுத்தாங்க. இவருக்கு ஆஸ்பத்திரி போவணும்னு சொன்னேன். பக்கத்துத் தெருவுல கொழந்தைங்க இருக்குதும்மா, அவுங்கள எறக்கிட்டு வந்துடறோம்னாங்க. வந்தாங்க, மறுநாளு. பாவம், அந்தப் பசங்களும் தூங்கல, கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. அவுங்கள என்னான்னு சொல்றது? டயாலிசிஸ்காரரு இருக்கற ஊடு இதுன்னு அவுங்களுக்கு யாரு சொன்னா? ஆஸ்பத்திரி ரெண்டு மைலு கூட இல்ல, வெண்மதி."

வெண்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் கணவன் பிழைத்ததைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. புஷ்பவள்ளியே கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லத்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெண்மதி சிதம்பரம் போனாள். அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். சத்யப்பிரியா வாங்கிக்கொண்டாள், சிரித்தாள், ஆனால் முகம் சரியில்லை. என்னவென்று கேட்டதற்குச் சொல்லவில்லை. வெளியே வந்தபோது முன்மேசைக்காரர்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மெமோ குடுத்திருக்காங்கம்மா. பதிவு இல்லாதவருக்கு உத்தரவு இல்லாம ஏன் போட்டேன்னு. மேல இருக்கறவங்களையும் கொற சொல்ல முடியாது, நாளைக்கு ஏதாவது ஆயிருந்தா யாரு பொறுப்பு? வெள்ளத்துல என்னா செய்யணும்னு அரசாங்கத்துல ஒரு உத்தரவு இருந்திருந்தா இந்தப் பொண்ணுக்கு இது வந்திருக்காது."

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த வார்த்தை வெண்மதியின் காதில் இருந்தது. வீட்டுக்கு வந்து ராஜவேலிடம் சொன்னாள்.

"என்னைப் பொழைக்க வெச்சதுக்கா மெமோ?" என்றான் அவன். "அப்ப நாமதான் மதி போயிப் பேசணும். அந்தப் பொண்ணுக்காக வேற யாரு பேசுவா?"

மறுநாள் சத்துணவுக் கூடத்தில் பருப்பு கழுவிக்கொண்டே தங்கம்மாளிடம் சொன்னாள், கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப்போவதாக. தங்கம்மாள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நம்ம வேலையே அந்த ஆபீஸ் கையிலதான்டி இருக்கு. அதுவும் இல்லாம, ஓசியில பாக்கறாங்க உன் ஊட்டுக்காரர. அவுங்களையே கேள்வி கேட்டா நன்றி கெட்டவன்னுதான சொல்லுவாங்க?"

வெண்மதியைச் சுட்டது அந்தச் சொல்தான். வேலை போகும் என்பதை விட அது அதிகமாகச் சுட்டது. அவள் வாழ்க்கையில் யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பாத்திரம் கவிழ்க்கும்போது, "யக்கா, நான் அதிரசம் குடுத்துட்டு வந்துட்டேன். அந்தப் பொண்ணு மெமோவக் கையில வெச்சுக்கிட்டு அதத் தின்னுச்சு. அது நன்றியாக்கா?" என்றாள்.

தங்கம்மாள் சட்டியைத் துடைத்து அடுக்கினாள். அடுத்த திங்கட்கிழமை காலையில், "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

வெண்மதி மனுவைத் தானே எழுதினாள். சின்ன மனுதான். வெள்ளம் வந்தால் டயாலிசிஸ் நோயாளிகள் எந்த மையத்துக்குப் போனாலும் பார்க்கச் சொல்லி உத்தரவு வேண்டும். ரிப்போர்ட் எல்லா இடத்திலும் தெரிய வேண்டும். அவர்கள் வீடு எது என்று படகுக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்லது செய்த பெண்ணுக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும். குறைதீர்க்கும் நாளில் நீளமான வரிசை. பட்டா கேட்டு, பென்ஷன் கேட்டு வந்தவர்களுக்கு நடுவே நின்று கொடுத்துவிட்டு வந்தாள்.

பதில் வந்தது. 'காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிகிச்சை இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. மனு முடித்து வைக்கப்படுகிறது.'

ராஜவேல் படித்துவிட்டுச் சிரித்தான். "நாம சாம்பாரு கேட்டோம், அவுங்க ரசத்த ஊத்திட்டுப் போயிட்டாங்க. மறுபடியும் கேளு."

மறுபடியும் கேட்டாள். சுகாதாரத் துறைக்கு அனுப்பினார்கள். அங்கே போனால், படகு, வண்டி எல்லாம் வருவாய்த் துறை என்றார்கள். வருவாய்த் துறையில் பேரிடர் பிரிவைப் பார்க்கிற தாசில்தார் அறிவழகன், ஆஸ்பத்திரி விஷயம் சுகாதாரத் துறை என்றார். இப்படியே கோடைகாலம் வந்துவிட்டது. எங்கேயும் அவளை யாரும் விரட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அவளும் போகிற இடத்தில் எல்லாம் முதலில் ஆஸ்பத்திரியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மனுவை எடுப்பாள். சிலருக்கு அவள் பாராட்ட வந்திருக்கிறாளா குறை சொல்ல வந்திருக்கிறாளா என்றே புரியவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் புஷ்பவள்ளி தானாகவே, "நானும் வரேன்" என்றாள். இரண்டு பேருமாக அறிவழகன் முன்னால் போய் நின்றார்கள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது எங்களது இல்லன்னு போன தடவையே சொன்னேனே?"

வெண்மதி வாயைத் திறப்பதற்குள் புஷ்பவள்ளி பேசினாள். "ஆஸ்பத்திரி அவுங்களுது, போட்டு உங்களுது. எங்க ஊட்டுக்காரரு ரெண்டுக்கும் நடுவுலதான் சார் போயிட்டாரு."

அறிவழகன் பேனாவை மூடினார். சுப்பராயலுவின் பெயர், தெரு, படகு வந்த நேரம் எல்லாவற்றையும் கேட்டார். அந்த வெள்ளத்தில் அந்தப் பகுதிக்குப் படகு அனுப்பியதே அவர்தான் என்பது அவர் பேச்சிலிருந்து தெரிந்தது.

"ஆவணியில மழைக்கு முன்னாடி ஒரு கூட்டம் நடக்கும்மா. எல்லாத் துறையும் வருவாங்க. நான் எழுதி வெக்கறேன். நீங்க வந்து நேர்ல சொல்றீங்களா?"

கூட்டத்தன்று வெண்மதி இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். பெரிய மேசை, சுற்றி அதிகாரிகள், மைக். மருத்துவத் துறை, தீயணைப்பு, மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், எல்லோர் முன்னாலும் பெயர்ப்பலகை. அவள் முறை வந்தபோது மனப்பாடம் பண்ணி வந்தது எல்லாம் மறந்துபோயிற்று. அதனால் தெரிந்ததைப் பேசினாள்.

"நான் சத்துணவுல வேல பாக்கறேங்க. வருசா வருசம் மழைக்கு முன்ன எங்களுக்கு ஒரு உத்தரவு வரும். அரிசி மூட்டய தரையில வெக்காத, பலக போட்டு மேல ஏத்து, தண்ணி வந்தா எந்த ஊட்டு மாடிக்கு எடுத்துட்டுப் போவணும்னு மொதல்லயே பாத்து வெச்சுக்கன்னு. நாங்களும் அப்படியே செய்யறோம். அந்த வெள்ளத்துலயும் ஒரு மூட்ட நனையல சார். அந்த உத்தரவப் போட்டவங்க நல்லா இருக்கணும். அரிசிக்கு இருக்கற மாதிரி எங்க ஊட்டுக்காரங்களுக்கும் ஒரு உத்தரவு போட்டுக் குடுங்க. எந்த நாளு, எந்த எடத்துக்கு, எந்த வண்டியிலன்னு மொதல்லயே சொல்லிடுங்க. மிஷினு குடுத்தீங்க, மருந்து குடுத்தீங்க. அத நாங்க சாவற வரைக்கும் மறக்க மாட்டோம். அங்க போயிச் சேர்ற வழியையும் சேத்துக் குடுங்கன்னுதான் கேக்கறோம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. தீயணைப்புத் துறை அதிகாரிதான் முதலில் பேசினார். வீடு தெரிந்தால் முதல் படகையே அங்கே அனுப்ப முடியும், இதுவரை யாரும் எங்களுக்கு அந்த விலாசங்களைக் கொடுத்ததில்லை என்றார். மருத்துவத் துறையிலிருந்து வந்த அம்மா, எச்சரிக்கை வந்ததும் மறுநாள் முறைக்காரர்களை முந்தின நாளே கூப்பிட்டுவிடலாம், இரவிலும் மிஷினை ஓட்டலாம் என்றார். போக்குவரத்துக் கழகத்துக்காரர், கடலூர் வழி அடைபட்டால் முட்லூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கட்டாயம் ஒரு பஸ் நிறுத்திவைப்பதாக ஒத்துக்கொண்டார். ஒருவர் பேச ஆரம்பித்ததும் மற்றவர்களும் பேசினார்கள். அரை மணி நேரத்தில் இவ்வளவு முடியுமென்றால் இத்தனை மாதம் ஏன் ஆனது என்று வெண்மதிக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவளுக்குக் கோபம் வரவில்லை.

புரட்டாசி முடிவதற்குள் உத்தரவு வந்தது. மெமோ என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. "ஃபைல மூடிட்டாங்களாம்க்கா. அவ்ளோதான்" என்று சத்யப்பிரியா போனில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு சரியாக இருந்தது.

ஐப்பசியில் மழை எச்சரிக்கை வந்தது. வியாழக்கிழமை காலையில் ராஜவேலின் போன் அடித்தது. லோகநாயகிதான். "நாளைக்கு வர வேண்டாம், இன்னைக்கே கெளம்பி வாங்க. ராத்திரிக்குள்ள எல்லாருக்கும் முடிச்சுடறோம்." போனார்கள். வார்டு நிரம்பி வழிந்தது. நர்சுகள் கை ஓயாமல் ஊசி போட்டுக்கொண்டே நின்றார்கள். அடுத்த வாரமும் மழை நிற்காமல் ரோடு அடைபட்டபோது முட்லூரில் பஸ் நின்றது. சிதம்பரத்து மையத்தில் கம்ப்யூட்டரில் ராஜவேலின் ரிப்போர்ட் முன்னமே வந்திருந்தது. "வாங்க சார், உங்க எடம் ரெடி" என்றார் முன்மேசைக்காரர். தனக்கே ஏதோ நல்லது நடந்ததைப் போல அவர் முகம் இருந்தது.

எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு கிராமத்துக்கு, நோயாளியை ஏற்றிவர வேண்டிய ஜீப் நேரத்துக்குப் போகவில்லை. இரண்டு பேருடைய போன் நம்பர் பழசு, அவர்களைத் தேடிப்பிடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஆனால் டயாலிசிஸ் நோயாளி ஒருவர்கூட அந்த மழையில் சாகவில்லை. அதைக் கேள்விப்பட்டு புஷ்பவள்ளி தன் தெருப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்தாள். வெண்மதிக்குப் போன் போட்டு, "எம்மனசு கொஞ்சம் ஆறுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

தை பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை வெண்மதி மறுபடியும் கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். அறிவழகன் மாற்றலாகிப் போயிருந்தார். அந்த நாற்காலியில் புதிதாக வந்தவர் நிமிராமலே கையை நீட்டினார்.

"மனுவக் குடுங்கம்மா. என்ன குறை?"

"குறை இல்ல சார். போன மழைக்கு நல்லா பண்ணீங்க. எங்க ஊட்டுக்காரரு நல்லா இருக்காரு. சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் மனுக்களைப் பதிகிற கிளார்க்கும் பார்த்தார். அவருடைய கம்ப்யூட்டரில் பட்டா, பென்ஷன், ரேஷன் என்று எத்தனையோ தலைப்புகள் இருந்தன. இதை எதில் போடுவது என்று தெரியாமல் அவர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். அதிகாரி சிரித்துவிட்டு, எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினார்.

வெண்மதி உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"ரெண்டு போன் நம்பரு மட்டும் பழசா இருக்குது சார். அதையும் அப்படியே பாத்துடலாமா?"